ஏற்காட்டில் ஆக்சிஜன் குறைவு... ரத்தம் எப்படி சமாளிக்குது? மலைவாசிகளுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கணும்?

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஏற்காடு. சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையை விட ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. இதை ரத்தம் எப்படி ஈடுகட்டுகிறது? பார்க்கலாம்.

ரத்தத்தில் என்னென்ன இருக்கு?

பெரியவர்களின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் 55 சதவீதம் பிளாஸ்மா எனும் மஞ்சள் நிற திரவம். இதில் பெரும்பகுதி தண்ணீர்தான். சத்துகள், ஹார்மோன்கள், கழிவுகள் எல்லாம் இதில் கலந்தே பயணிக்கின்றன. மீதி 45 சதவீதம் ரத்த அணுக்கள்.

* சிவப்பணுக்கள்: ஆக்சிஜனைச் சுமப்பவை. ஆயுள் சுமார் 120 நாட்கள்.
* வெள்ளையணுக்கள்: நோய்க் கிருமிகளை எதிர்ப்பவை.
* தட்டணுக்கள்: காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைப்பவை.

சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. அதைத் தயாரிக்க இரும்புச்சத்து கட்டாயம் வேண்டும்.

மலைக்குப் போனால் என்ன நடக்கும்?

இரண்டு நாள் சுற்றுலா போகிறவர்களுக்கு மூச்சும் இதயத் துடிப்பும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அங்கேயே வசிப்பவர்களுக்கு கதை வேறு. ஆக்சிஜன் குறைவதை உணரும் சிறுநீரகம், எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடனே எலும்பு மஜ்ஜை கூடுதல் சிவப்பணுக்களை உருவாக்கத் தொடங்கும். அதாவது, மலைவாசிகளுக்கு ஹீமோகுளோபின் சற்று அதிகமாக இருப்பதுதான் இயல்பு.

'12 இருந்தா போதும்'... சரியா?

கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழ், ஆண்களுக்கு 13-க்குக் கீழ், கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழ் (கர்ப்ப காலத்தின் நடு மாதங்களில் 10.5) போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார அமைப்பு. இது 100 மில்லி ரத்தத்துக்கான அளவு. ஆனால் இது சமவெளிக்கான கணக்கு. உயரமான இடங்களில் வசிப்பவர்களுக்கு இந்த அளவை உயர்த்திப் பார்க்க வேண்டும் என்றும் அதே அமைப்பு சொல்கிறது. அப்படிப் பார்த்தால், 12.1 என்று ரிப்போர்ட் வந்த பெண் சேலத்தில் நார்மல். ஏற்காட்டில் நிரந்தரமாக வசிப்பவர் என்றால், அவருக்கு லேசான ரத்தசோகை இருக்கலாம்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கூறுகிறது. எஸ்டேட்டில் நாள் முழுக்க ஏறி இறங்கி வேலை செய்யும் பெண்களின் களைப்பை 'வேலை அலுப்பு' என்று விட்டுவிடக் கூடாது.

பழங்குடியினர் கவனத்துக்கு

சிவப்பணு அரிவாள் வடிவில் வளையும் 'சிக்கிள் செல்' எனும் பரம்பரை நோய், இந்தியாவில் முதலில் 1952-ல் நீலகிரி பழங்குடியினரிடம்தான் கண்டறியப்பட்டது. இந்த நோய் உள்ளவர்களுக்கு குளிர், நீர்ச்சத்து குறைவு, ஆக்சிஜன் குறைவு மூன்றுமே கடும் வலியைத் தூண்டலாம். 2023-ல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் இருக்கிறது. 40 வயது வரையிலானவர்களுக்குப் பரிசோதனை செய்வது இதன் இலக்கு.

என்ன செய்யலாம்?

* தொடர் களைப்பு, மூச்சு வாங்குதல், படபடப்பு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். மலையில் வசிப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.
* முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல் சேருங்கள். கூடவே நெல்லிக்காய், கொய்யா சாப்பிட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.
* சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.
* பரிசோதனை இல்லாமல் நீங்களாக இரும்புச்சத்து மாத்திரை எடுக்காதீர்கள். சில பரம்பரை ரத்த நோய்களில் அது தீங்காகலாம்.