வானூர்தி வாங்கிய வைத்தியர்: டாக்டர் எஸ். ரங்காச்சாரியும் நம் வட்டாரமும்

இராசபாளையத்தில் 1898-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓர் ஆண்மகவு பிறந்தது. பிறந்த எட்டாம் நாளில் தாயை இழந்தது; மூன்றாம் வயதில் தந்தையையும் இழந்தது. பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த அப்பிள்ளையே பின்னாளில், 1949 முதல் 1952 வரை, சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கிய பூ. ச. குமாரசாமி ராஜா. நந்தவனத்தில் கண்டெடுத்த குழந்தையைத் தன் மகளாக வளர்த்த பெரியாழ்வாரின் திருவில்லிபுத்தூர், அங்கிருந்து சிறிது தொலைவில்தான் இருக்கிறது. தாயற்ற பிள்ளையை ஆளாக்கும் பண்பு இம்மண்ணுக்குப் புதியதன்று. ஆனால் தாய் ஏன் இறக்க வேண்டும் என்ற வினா வேறு. பிரசவத்தை ஒட்டி நேரும் மரணத்தை விதி என்று ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது.

அன்றைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். திருவில்லிபுத்தூர் வட்டம் அப்போது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 1910-இல்தான் புதிதாக அமைந்த இராமநாதபுரம் ஜில்லாவோடு இணைக்கப்பட்டது. விருதுநகரிலிருந்து திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகத் தென்காசிக்கு இருப்புப்பாதை வந்தது 1927-இல். அதுவரை மாட்டு வண்டிதான் மக்களுக்குப் பெருந்துணை. வீட்டின் பின்கட்டில், அனுபவமே படிப்பாகக் கொண்ட மருத்துவச்சி பிரசவம் பார்ப்பாள். பிள்ளை குறுக்கே நின்றாலோ, உதிரம் நில்லாமல் போனாலோ, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. சென்னையில் 1844-இலேயே தனி மகப்பேறு மருத்துவமனை தோன்றி, 1882-இல் எழும்பூருக்கு இடம்பெயர்ந்தும் விட்டது. எனினும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வலியெடுத்துத் துடிக்கும் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையிலுள்ள தொலைவே அக்காலத்தின் பெரும்பிணி எனலாம்.

அத்தொலைவைத் தம் சொந்தப் பணத்தாலும் துணிவாலும் கடந்துவிட முயன்ற ஒருவரின் வரலாறு, எழும்பூர் மருத்துவமனை இடம்பெயர்ந்த அதே 1882-இல் கும்பகோணத்தை அடுத்த சருக்கை என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. டாக்டர் எஸ். ரங்காச்சாரி அங்குப் பிறந்தார். வைணவ மரபில் வந்த அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அரசு மருத்துவப் பணியில் சேர்ந்தார். மாகாணத்தின் பல ஊர்களில் பணிபுரிந்து, அறுவை மருத்துவத்திலும் மகப்பேற்று மருத்துவத்திலும் பெயர் பெற்றார்.

அந்நாளில் அரசு மருத்துவத் துறையின் உயர் பதவிகள் பெரும்பாலும் இந்திய மருத்துவப் பணி என்ற அமைப்பைச் சேர்ந்த ஆங்கிலேயர் வசமே இருந்தன. சென்னை மருத்துவக் கல்லூரிக்கே ஓர் இந்தியர், ஆ. இலட்சுமணசாமி முதலியார், முதல்வராக வருவதற்கு 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. திறமை இருந்தும் ஒரு படிக்கு மேல் ஏற முடியாத நிலையில் இந்திய மருத்துவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கிடைத்த பதவியில் அமைந்து ஓய்வூதியத்துக்குக் காத்திருப்பது. மற்றொன்று, வெளியேறித் தம் பெயரையே முதலாகப் போட்டுத் தொழில் நடத்துவது. ரங்காச்சாரி இரண்டாவதைத் தேர்ந்தார். 1920-களில் அரசுப் பணியைத் துறந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கென்சிங்டன் நர்சிங் ஹோம் என்ற தனியார் மருத்துவமனையை நிறுவினார். தர்ம ஆஸ்பத்திரி என்றாலே ஏழைகள் செல்லுமிடம் என்றும், வசதியுள்ளோர் வீட்டுக்கே வைத்தியரை வரவழைப்பர் என்றும் இருந்த நாளில், கட்டணம் செலுத்தி மருத்துவமனையில் தங்குவது பலருக்குப் புதிய பழக்கம்.

அவர் பொருள் ஈட்டினார். அதை மறைக்கவும் இல்லை. ரோல்ஸ் ராய்ஸ் காரில் சென்னைத் தெருக்களில் வலம் வந்தார். அதனினும் ஒரு படி மேலே போய் வானூர்தி ஒன்றையே வாங்கினார். பஸ் மாத் என்னும் அச்சிறு விமானம் 1930-களின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தது. மூடிய அறையில் விமானியோடு ஓரிருவர் மட்டுமே அமரலாம். மணிக்கு ஏறத்தாழ நூறு மைல் செல்லும். 1932 அக்டோபர் 15-இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்து வந்ததும் இதே வகை விமானத்தில்தான். அத்தபால் பின்னர் நெவில் வின்சென்டால் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. கடிதம் வானில் வருவதையே ஊர் திரண்டு வேடிக்கை பார்த்த காலத்தில், வைத்தியர் வானில் போகிறார் என்றால் மக்கள் எவ்வளவு வியந்திருப்பர்!

இவை வெறும் டாம்பீகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் அவருடைய அன்றாட வாழ்க்கையை இவற்றோடு சேர்த்து நோக்க வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கே அறுவைக் கூடத்தில் நிற்பார். நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் உழைப்பார். இல்லாதவரிடம் கட்டணம் வாங்கமாட்டார் என்று அவரைப் பற்றிச் சென்னையில் வழங்கிய செய்திகள் பல. வெளியூர் நோயாளிகளை விரைந்து சென்றடையவே விமானம் வாங்கினார் என்பர். மருத்துவ வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. நுண்ணுயிரித் தொற்றை எதிர்த்த முதல் சல்பா மருந்தின் பயன் மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1935-இல். பெனிசிலின் பொதுமக்கள் கைக்கு எட்டியது இரண்டாம் உலகப் போரின் முடிவில். ரங்காச்சாரியோ 1934-இல் மறைந்துவிட்டார். ஆகவே அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதும் இம்மருந்துகளுக்கு முற்பட்டது. தூய்மையான கை, தேர்ந்த கத்தி, தக்க நேரம் ஆகிய மூன்றுமே அவர்காலத்து அறுவை மருத்துவரின் படைக்கலங்கள். இரத்தப் பெருக்குற்ற தாயைப் பொறுத்தவரை ஒரு மணி நேரத் தாமதம் என்பது உயிர். வேகத்துக்காக அவர் கொடுத்த விலையில் ஆடம்பரமும் கலந்திருந்தது உண்மை, தேவையும் கலந்திருந்தது.

ஐம்பத்திரண்டு வயதில் அவர் மறைந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1939-இல், சென்னைப் பொது மருத்துவமனையின் முன்பு அவருக்குச் சிலை எழுந்தது. அரசுப் பணியை விட்டு வெளியேறித் தனியார் மருத்துவமனை நடத்தியவருக்கு அரசு மருத்துவமனை வாயிலில் சிலை! செல்வருக்கு மட்டுமே உரியவராக அவர் இருந்திருப்பின் மக்கள் மனம் அதற்கு இசைந்திருக்குமா?

எனினும் வரலாறு எழுதுவோர் புகழுரையோடு நின்றுவிடலாகாது. அவர் வேகம் அவருடைய உடலோடு பிணைந்திருந்தது. வானூர்தி ஒன்று, அதில் அமரும் வைத்தியர் ஒருவர். எவ்வளவு விரைந்து பறந்தாலும் ஒரே பொழுதில் இரண்டு ஊர்களில் இறங்க இயலாது. அவரை அழைக்கத் தந்தியும் வேண்டும், அழைக்குமளவுக்கு அறிமுகமும் வேண்டும். கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் பெண்ணுக்கு இவை இரண்டும் இல்லை. வள்ளலின் கை எவ்வளவு நீண்டாலும் அது ஒரு கைதான். அவர் கண் மூடியபோது அவர் கடந்த தொலைவுகள் அனைத்தும் மீண்டும் பழைய தொலைவுகள் ஆயின.

இவ்விடத்தில் நம் பக்கத்து மண்ணைச் சேர்ந்த மற்றொரு மருத்துவரை நினைவுகூர்தல் பொருந்தும். எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, சிறுவயதில் உறவுப் பெண்கள் மூவரைப் பேறுகால நோய்க்குப் பறிகொடுத்தவர். அவ்வூரில் அப்போது மருத்துவர் இல்லை. மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்ற உறுதி அந்தத் துயரத்தில் பிறந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்று இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். ஆனால் கடுமையான முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கிற்று. பேறுகால மருத்துவம் கைவிட்டுப் போயிற்று. கண் மருத்துவம் பயின்று, அக்கோணல் விரல்களுக்கு ஏற்ற கருவிகளைத் தாமே வகுத்துக்கொண்டு, தம் வாழ்நாளில் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார்.

அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976-இல், மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தோர் நகைகளை அடகு வைத்துத் துணை நின்றனர். இவரிடம் ரோல்ஸ் ராய்ஸும் இல்லை, வானூர்தியும் இல்லை. ஆனால் ஒரு முறை இருந்தது. கட்டணம் செலுத்துவோர் தரும் வருவாயில் செலுத்த இயலாதோருக்கும் அதே மருத்துவம். மருத்துவர் கத்தி எடுக்குமுன் மற்றப் பணிகளையெல்லாம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களே முடித்து வைப்பது. நோயாளி வரக் காத்திராமல் ஊர்தோறும் முகாம் நடத்தி அழைத்து வருவது. 1992-இல் தொடங்கிய ஆரோலேப் என்னும் நிறுவனம் கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளை இங்கேயே செய்து விலையைப் பன்மடங்கு குறைத்தது. வெங்கடசாமி 2006-இல் மறைந்தார். அவர் வகுத்த முறை மறையவில்லை.

இவ்விருவரையும் தராசில் நிறுத்தி ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துதல் நம் நோக்கமன்று. இருவரும் அரசுப் பணிக்குப் பின் தனியார் மருத்துவமனை கண்டவர்கள். இருவரும் உள்ளவரிடம் பெற்று இல்லாதவருக்கு ஈந்தவர்கள். ஒருவர் தாமே மருத்துவமனையாக இருந்தார். மற்றவர் தாம் இல்லாமலும் நடக்கும் மருத்துவமனையைச் சமைத்தார். முன்னவர் காலத்தில் ஓர் இந்தியர் தம் திறனை உலகுக்குக் காட்ட அந்தப் பகட்டும் வேண்டியிருந்தது போலும். தலைநிமிர்ந்து காரில் போகும் இந்திய மருத்துவரைக் கண்ட இளைஞர் சிலருக்கேனும் அதுவே ஊக்கம் தந்திருக்கும்.

இன்று இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் தனியார் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022-இல் வந்துவிட்டது. 1898-இல் இருந்த தொலைவு நிலத்தளவில் சுருங்கிவிட்டது. கட்டணத்தில் அளக்கும் தொலைவு மட்டும் சிலருக்கு இன்னும் சுருங்கவில்லை. மருத்துவமனை நடத்துவோரின் மாளிகையையும் மகிழுந்தையும் கண்டு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. வாயிலில் நிற்கும் ஏழைத் தாய்க்கு உள்ளே இடம் உண்டா, அந்த இடம் நிறுவியவர் காலத்துக்குப் பின்னும் அவளுக்கு இருக்குமா என்ற இரண்டு வினாக்களைக் கேட்டால் போதும். முதல் வினாவுக்கு ரங்காச்சாரி தம் வாழ்வால் விடை சொன்னார். இரண்டாவதற்கு விடை சொல்ல ஒரு தனிமனிதரின் ஈகை போதாது; ஊரும் அரசும் சேர்ந்தே சொல்ல வேண்டும்.