சந்தையில் மூண்ட தீ

திருகோணமலை என்றதும் கோணேசர் கோயிலும் ஆழ்ந்த இயற்கைத் துறைமுகமுமே பலர் நினைவுக்கு வருவன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் அத்துறைமுகத்தின்பொருட்டுப் பொருத கதையை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். ஆனால் ஊர் மக்களின் அன்றாட வாழ்வு நடைபெறுவது கோட்டையிலும் அன்று. கப்பல் தங்கும் துறையிலும் அன்று. மரக்கறிச் சந்தை, மீன் சந்தை, பஸ் நிலையம், மணிக்கூட்டுக் கோபுரம் ஆகியவற்றைச் சூழ்ந்த சிறு நிலப்பரப்பே அவர்களின் உலகம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்னும் மூவருள் எவரும் பாதித் தொகையினர் அல்லாத மாவட்டம் அது. ஆதலால் மீனுக்கும் மரக்கறிக்கும் பஸ்ஸுக்கும் மூவரும் ஓரிடத்தில் தோளுரச நின்றே ஆகவேண்டும். நகரில் உலவும் புள்ளிமான்களும் அங்கு வந்து, எவர் கடைக் கழிவென்று பாராமல் மேய்ந்து செல்லும்.

இத்தகைய இடத்தில் வாய்ச்சண்டை இல்லாத நாள் இராது. நிறை குறைந்தது என்பார் ஒருவர்; ஓட்டோவைக் குறுக்கே நிறுத்திவிட்டான் என்பார் இன்னொருவர். இவையெல்லாம் பொழுது சாயுமுன் தீர்ந்துபோகும் பூசல்கள். ஊரைச் சுட்ட சினமோ வேறு வகையது. அஃது எவ்வழியே சந்தைக்குள் நுழைந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1957 ஒக்டோபர் 15ஆம் நாள் பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். நாடு அதனைப் பெருமையோடு கொண்டாடிற்று; கொண்டாடவேண்டியதும் முறையே. ஆயினும் தளம் மூடப்பட்டதால் நானூறுக்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்களைப் பொலன்னறுவைப் பகுதியில் குடியேற்ற அரசு எண்ணியபோது, அங்கிருந்த சிங்களக் குடியேற்றவாசிகளிடையே எதிர்ப்பு மூண்டது, கும்பல்கள் திரண்டன. 1958 மே 22ஆம் நாள் பொலன்னறுவைப் புகையிரத நிலையத்தில் தொடங்கிய தாக்குதல் சில நாட்களுள் நாடெங்கும் பரவ, 27ஆம் நாளே அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மொழிச் சட்டமும் கிழிக்கப்பட்ட ஒப்பந்தமும் அக்கலவரத்தின் பெருங் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கப்பற்பட்டறையிற் கூலி இழந்தவனுக்கும் நிலத்தை இழந்துவிடுவோமென அஞ்சியவனுக்கும் இடையே நின்று வழக்குத் தீர்க்க ஒருவரும் இல்லாமற் போனமையை வரலாற்றாசிரியர் பலர் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றனர்.

1983 ஜூலையில் சினத்தை மூட்டியது வதந்தி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்ட செய்தி மெய். ஆனால் அதன்பின் திருகோணமலையில் உலவிய கதைகளோ பொய்: புலிகள் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிவிட்டனர் என்றும், காரைநகர்க் கடற்படைத் தளம் அழிந்தது என்றும், நாக விகாரை மாசுபடுத்தப்பட்டது என்றும் பேசப்பட்டது. அவற்றை நம்பித் தெருவில் இறங்கியவர் சந்தைப் போக்கிரிகள் அல்லர், தளத்திலிருந்த கடற்படையினர். மத்திய வீதி, டொக்யார்ட் வீதி, பிரதான வீதி, வடகரை வீதி எங்கும் ஏறக்குறைய 170 இடங்களில் தீவைத்துவிட்டே அவர்கள் தளம் திரும்பினர். காவலுக்கு நின்றவனே கொள்ளியை ஏந்திவிட்டால், கடைக்காரன் யாரிடம் முறையிடுவான்?

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. கிண்ணியா மருத்துவமனை அழிந்தது. மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரையோரங்கள் சிதைந்தன. அந்நாட்களில் இனம் கேட்டு எவரும் சோறு கொடுக்கவில்லை. ஐந்து மாதங்கூட அந்த நல்லிணக்கம் நீடிக்கவில்லை என்பதுதான் வியப்பு. 2005 மே 15ஆம் நாள் இரவு பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் அருகே ஒரு புத்தர் சிலை நிறுவப்பட்டது. தமிழர் கடைகளை அடைத்தனர், ஹர்த்தால் நடந்தது. சிலையைச் சூழ முட்கம்பியும் ஆயுதக் காவலும் வந்தன. அமைதியைப் போதித்த பெருமானுக்கு முட்கம்பி எதற்கென எண்ணிய பௌத்தரும் இருந்திருப்பர். அதுவரை பொதுவாயிருந்த சந்தைவெளி, எவருக்கு உரியது என்னும் கேள்விக்கு உட்பட்டது.

2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, கடற்கரையில் காந்தி சிலையருகே பொழுதுபோக்கிக்கொண்டிருந்த தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து மாண்டனர் என்று படைத்தரப்பு கூறிற்று. சவப் பரிசோதனையோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டிற்று. ஏப்ரல் 7ஆம் நாள், சிலை எதிர்ப்பை முன்னின்று நடத்திய வன்னியசிங்கம் விக்னேசுவரன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 12ஆம் நாள் பிற்பகல், தமிழரும் சிங்களவரும் ஒருங்கே கொண்டாடும் சித்திரைப் புத்தாண்டுக்குச் சாமான் வாங்கக் கூடியிருந்த சந்தையிற் குண்டு வெடித்தது. கால்மணி நேரத்துள், கத்தியும் பொல்லும் ஏந்திய நூற்றுக்கு மேற்பட்ட சிங்களவர் தமிழர் கடைகளிலும் வீடுகளிலும் புகுந்தனர். பாதுகாப்புப் படையினர் நெடுநேரம் பார்த்து நின்றனர் எனச் சர்வதேச மனித உரிமை நிறுவனம் பதிவு செய்துள்ளது. குண்டினாலும் கலவரத்தாலும் மாண்டோர் ஏறக்குறைய இருபதின்மர். அவருள் மூவினத்தாரும் உளர். வீடிழந்தோர் ஆயிரக்கணக்கினர்.

கால்மணி நேரம் என்பதை எளிதிற் கடந்துவிடலாகாது. திடீரெனச் சினங்கொண்டவன் கைக்கு முதலில் அகப்படுவது தெருக்கல். கூர் தீட்டிய கத்தியன்று. வெடியோசை கேட்டுப் பதறியவன் முதலில் தேடுவது தன் பிள்ளையை, அயலான் கடையையன்று. 1984 நவம்பரில், இந்திரா காந்தி அம்மையார் கொலையுண்டபின், தில்லியிற் சீக்கியர் வீடுகளை வாக்காளர் பட்டியல் கொண்டு தேடியவர்களையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். மக்களின் கோபம் என்று பின்னர்ப் பெயரிடப்படுவனவற்றுட் பல, கோபம் பிறக்குமுன்னரே அணிவகுத்து நின்றவை. சந்தையின் மெய்யான கோபமோ, வெந்த கடையின் சாம்பலைக் கிளறி எஞ்சிய தராசுத் தட்டை எடுத்தவனிடத்து இருந்தது. அவன் அதை எங்கும் காட்டவில்லை.

கடற்கரை மாணவர் வழக்கு பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. சாட்சியளிக்க அஞ்சிய குடும்பத்தார் நாட்டைவிட்டே வெளியேறினர். 2019 ஜூலை 3ஆம் நாள், போதிய சான்று இல்லையெனக் கூறி, குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூவரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது.