குருமார் கற்ற புதுப்பாடம்

பேரிடர் நேர்ந்த இடத்திற்கு உணவும் மருந்தும் முந்திச் செல்லும். பிழைத்தோரின் உள்ளத் துயரை ஆற்றச் செல்வோர் யார், அவர் எந்தச் சமயத்தின் பெயரால் செல்வது என்னும் வினாவோ பின்தங்கிவிடும். அவ்வினாவுக்கு ஜப்பானியர் விடை தேடிய வரலாறு நாம் அறியத்தக்கது.

2011 மார்ச் 11ஆம் நாள் தோஹோகு கடற்கரையை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. மாண்டோரும் காணாமற்போனோரும் 18,000 பேருக்கு மேற்பட்டனர். மியாகி மாகாணத்தில் எரியூட்டு நிலையங்கள் போதவில்லை. உடலை எரிப்பதையே மரபாகக் கொண்ட மக்கள், தம் உற்றாரைத் தற்காலிகமாக மண்ணில் புதைக்க நேர்ந்தது. செண்டாய் நகரத்து எரியூட்டு நிலையத்தில் பௌத்தக் குருமாரும் கிறித்தவப் போதகரும் கூடி மாண்டோர்க்காக வேண்டினர்.

கானெடா தையோ என்னும் ஜென் குரு, 49ஆம் நாளில் சக குருமாருடனும் ஒரு போதகருடனும் மினாமிசன்ரிகு கடற்கரைக்கு நடந்தார். அழிவைக் கண்டதும் சூத்திரம் ஓதக் குரல் எழவில்லை. எந்தத் துதிப்பாடலைப் பாடுவதென்று போதகருக்கும் விளங்கவில்லை. கற்ற மறைமொழிகள் அங்கே கைகொடுக்கவில்லை.

பின்னர் அவர் தற்காலிகக் குடியிருப்புகளுக்குக் காப்பியும் இனிப்பும் கொண்டு சென்று, 'கஃபே டி மங்க்' என்னும் பெயரில் ஒரு நடமாடும் காப்பிக்கடை நடத்தினார். 'மங்க்' ஆங்கிலத்தில் துறவி. 'மொங்கு' ஜப்பானியத்தில் முறையீடு. ஜாஸ் இசைஞர் ஒருவரின் பெயரும் அதுவே. முறையிட வந்தோர் களிமண்ணால் ஜிசோ உருவங்கள் செய்தபடி மெல்லப் பேசினர். இறந்தோரின் ஆவியைக் கண்டதாகச் சொன்னோரும் அவரிடம் வந்தனர். அவர் நகைக்கவில்லை.

இதனைக் கல்வியாக்கும் எண்ணத்தைத் தந்தவர் ஒரு மருத்துவர். இறுதி நிலை நோயாளரை அவரவர் இல்லத்திலேயே பேணிய ஒகாபே தகேஷி, தாமே புற்றுநோயாளியானார். இருளில் இறங்கும் மனிதனுக்கு மருத்துவம் வழிகாட்டவில்லை என்பது அவர் கண்ட உண்மை. அவர் முயற்சியால் தோஹோகு பல்கலைக்கழகத்தில் 2012இல் தனித்துறை அமைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். அடுத்த மாதமே முதற் பயிற்சி தொடங்கிற்று.

பயில வந்தோர் ஏற்கெனவே குருமார், பேசப் பழகியவர். அவர்கள் கற்றது செவிமடுத்தல். நோயாளரோடு நிகழ்த்திய உரையாடலை எழுதி வந்து, வேற்றுச் சமயத்தார் முன் படித்து, எங்கே தாம் குறுக்கிட்டோம் என்று ஆராய்ந்தனர். தம் சமயத்தைப் பரப்பலாகாது என்பது முதல் விதி. இவ்விதியின் அருமையை அந்நாட்டு வரலாறே உணர்த்தும். 1947இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, அரசையும் சமயத்தையும் பிரித்தது. 1995இல் ஓம் ஷின்ரிக்கியோ பிரிவினர் தோக்கியோ சுரங்க இரயிலில் நச்சுவாயுவைப் பரப்பியபின், சமயம் என்ற சொல்லே அச்சத்தைத் தந்தது. குருவின் அங்கியை மருத்துவமனையில் கண்டால், சாவு வந்ததோ என நோயாளர் நடுங்குவதும் உண்டு.

இப்பணியினர்க்கு 'ரின்ஷோ ஷூக்யோஷி' என்று பெயர். 'ரின்ஷோ' என்பது படுக்கையருகே செல்லுதலைக் குறிக்கும். 2016இல் அவர்கள் நாடு தழுவிய சங்கம் அமைத்தனர். 2018இல் தகுதிச் சான்று வழங்கும் முறையும் வந்தது.