தமிழ் மறவனும் நீரடிமுத்து மரமும்



நான் பாடம் நடத்திய காலத்தில் மாநிலச் சின்னங்கள் என்றால் வரையாடு, மரகதப்புறா, பனை, செங்காந்தள் என்று எழுதிப் போடுவேன். பட்டாம்பூச்சி கிடையாது. 2019-இல்தான் 'தமிழ் மறவன்' மாநிலப் பட்டாம்பூச்சி ஆனது. பேத்திக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டி நானும் படித்தேன்.

செம்மஞ்சள் இறகு, ஓரத்தில் கறுப்பு. தென்னிந்தியா, இலங்கை தவிர வேறெங்கும் இல்லை. 1787-இல் டென்மார்க் அறிஞர் ஃபப்ரீசியஸ் இதற்கு 'தைஸ்' என்று அறிவியல் பெயர் வைத்தார். நம் மொழியின் பெயர் சேர்ந்தது பிறகுதான்.

இதன் புழு நீரடிமுத்து மரத்தின் இலையைத் தின்று வளர்கிறது. சித்த வைத்தியத்தில் பேர்போன மரம். 1940-களில் சல்போன் மருந்துகள் வரும்வரை, தொழுநோய்க்கு உலகமே நம்பியிருந்தது இந்த வகை மரங்களின் விதை எண்ணெயைத்தான். புது மருந்து வந்ததும் மனிதர்கள் மரத்தை மறந்துவிட்டோம். பட்டாம்பூச்சியால் அப்படி மறக்க முடியாது. அதற்கு மாற்று மருந்தா இருக்கிறது?

நம் சிவகாசி, சாத்தூர் கந்தக பூமியில் இது தங்காது. ஈரமான மலைக்காடு வேண்டும். மாவட்டத்தின் மேற்கே திருவில்லிபுத்தூர் மலையில் 1988-இல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் வந்தது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. பெரிய விலங்குக்காகக் காக்கும் காட்டில்தான் சின்ன உயிர்களும் பிழைக்கின்றன.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மறவன் பெயரைச் சொல்லும்போது நீரடிமுத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். மரம் போனால் மறவனும் போய்விடுவான்.