ஆனந்தில் உருவான மேலாண்மைக் கல்வி

குஜராத்தின் ஆனந்தில் 1946-இல் பதிவான கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம், இடைத்தரகர் பிடியிலிருந்து விடுபட முனைந்த உழவர்களின் அமைப்பாகத் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் தோன்றியது. 1949-இல் அரசுப் பால் நிலையத்துக்குப் பொறியாளராக வந்து, பின்னர் ஒன்றியத்தின் மேலாளரான வர்கீஸ் குரியன் நிர்வாகத்தை வேலையினூடாகவே கற்றார்.

அக்கல்வியின் முதல் பாடம் ஊர்ச் சங்கத்தின் வாசலிலேயே இருந்தது. காலையும் மாலையும் உறுப்பினர் கொண்டுவரும் பாலை அளந்து, அதிலிருந்து எடுத்த சிறு மாதிரியைக் கந்தக அமிலத்துடன் கண்ணாடிக் குழாயிலிட்டுச் சுழற்றி, பிரிந்து மேலெழும் கொழுப்பின் அளவைக் குறியீட்டில் படித்து, அதற்கேற்ப விலை தரும் முறையே உழவரின் நம்பிக்கையை ஈட்டியது. கணக்கியல், தரக்கட்டுப்பாடு, கொள்முதல் மூன்றும் அந்த ஒரே செயலில் அடங்கியிருந்தன.

கூட்டுறவு நாடெங்கும் பரவியபோது, பயிற்சி பெற்ற மேலாளர்களின் தேவை பெருகியது. அதற்காக 1979-இல் ஆனந்திலேயே ஊரக மேலாண்மை நிறுவனம் தொடங்கப்பட்டது. மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பயில்வதைப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக்கியதே அதன் மிகச் சிறந்த முடிவு எனலாம். ஏனெனில் உற்பத்தியாளரே உரிமையாளராக உள்ள தொழிலில், மேலாளர் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஊழியர்.