சுவரை விட்டு இறங்கிய ஸ்பீக்கர்

உங்கள் ஹாலில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். நம் குடியிருப்பில் நான் போய் வந்த வீடுகளில் பெரும்பாலும் இரண்டே இடம்தான். ஒன்று, சுவரில் பிராக்கெட் அடித்து, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். இல்லாவிட்டால் டிவி யூனிட்டின் தட்டில், போட்டோ பிரேமுக்கும் பூ ஜாடிக்கும் நடுவில். கேட்டால், "அங்கதானுங்க எடம் இருந்துச்சு" என்பீர்கள். இடம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒலிபெருக்கியை உயரத்தில் ஏற்றிவைக்கும் வழக்கம் நமக்குத் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் பழையது.

1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னையில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். பணமுடையால் அது 1927இல் நின்றது. கிளப்பின் கருவியை வைத்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 1930இல் தானே ஒலிபரப்பை ஆரம்பித்தது. 1938இல் அகில இந்திய வானொலி வந்து பொறுப்பேற்கும் வரை அது நடந்தது. அன்றைக்கு வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஆகவே மாநகராட்சி மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. ஜனங்கள் சாயங்காலம் போய் உட்கார்ந்து கேட்டார்கள். நூறு பேருக்கு ஒரு பெட்டி என்றால் அதை உயரத்தில்தான் வைத்தாக வேண்டும். தரையில் வைத்தால் முன்வரிசைக்காரர் காது அடைத்துப்போகும், பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. நம் ஊர்க் கல்யாணங்களிலும் நோம்பிகளிலும் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கும் இதே நியாயம்தான். அது ஊருக்காக வைத்தது.

பிறகு ரேடியோ வீட்டுக்குள் வந்தது. நம் பக்கத்து ஆள் ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கே செய்துவிடலாம் என்று 1941இல் சொன்னார். நடுத்தர வீடுகளுக்கு ரேடியோ சகஜமாக அதற்கப்புறமும் பல வருஷம் ஆயிற்று. வந்த ரேடியோவை எங்கே வைத்தோம்? குழந்தைகள் கைக்கு எட்டாமல் சுவர்ப்பலகையில், அல்லது ஹால் மூலையில் முக்கோணமான கார்னர் ஸ்டாண்டில். மேலே பின்னல் துணி ஒன்று போர்த்தியிருக்கும். வீடு முழுக்கக் கேட்க வேண்டும், சமையலறை வரைக்கும். வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டிய பொருள் அல்லவா, எல்லோருக்கும் பயன்பட வேண்டாமா!

திருப்பூருக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே பாட்டு வீட்டில் மட்டும் ஒலிக்கவில்லை. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் வரிசைக்கு மேலே, மெஷின் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக, பெட்டியை உச்சியில் தொங்கவிட்டார்கள். டீக்கடையிலும் சலூனிலும் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி மூலையில் மாட்டியிருப்பார்கள், நினைவிருக்கிறதா? பானைக்குள் அடைபட்ட காற்று ஒரு குறிப்பிட்ட சுருதியில் சேர்ந்து அதிரும், அதனால் 'தும் தும்' என்று வரும். நாம் அதை பேஸ் என்று கொண்டாடினோம். உண்மையில் எந்தப் பாட்டு போட்டாலும் பானை தன் ஒரே சுருதியைத்தான் கூடவே பாடிக்கொண்டிருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அந்தத் 'தும் தும்' ஒரு துணை.

இப்போது நம் வீட்டு ஹாலில் இருக்கும் சின்னப் பெட்டியின் கதைக்கு வருகிறேன். அது வேறு பரம்பரை. 1950களின் தொடக்கம் வரை நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர், பெட்டியைக் காற்றுப்புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பீக்கர் கூம்புக்கு ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். 1954இல் ஹென்றி க்ளோஸுடன் சேர்ந்து அக்கவுஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார். பீரோ அளவு அலமாரித் தட்டளவாகச் சுருங்கியது. 'புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்' என்ற பெயரே அதனால்தான். பெயரை நம்பி நாமும் தட்டில் வைத்துவிட்டோம். பெட்டி சின்னது, தட்டில் அடங்கும் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். தட்டில் நன்றாகப் பாடும் என்று அர்த்தம் இல்லை.

சின்னப் பெட்டி வந்தவுடன் இரண்டு வாங்குவது சாத்தியமாயிற்று. இரண்டு எதற்கு? இதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். 1931இல் லண்டனில் ஆலன் பிளம்லின் என்ற என்ஜினியர் சினிமா பார்க்கப் போனாராம். திரையில் நடிகர் ஒரு பக்கம் நடக்கிறார், குரல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அந்த எரிச்சலில் பிறந்தது ஸ்டீரியோ என்று சொல்வார்கள். அதே வருஷம் டிசம்பரில் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார். 1942இல், 38 வயதில், ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்துபோனார். ஸ்டீரியோ ரெக்கார்டு கடைக்கு வந்தது 1950களின் கடைசியில். நம் தமிழ் சினிமாப் பாட்டுக்கு அது வந்தது 1978இல், இளையராஜா 'பிரியா' படத்துக்காகப் பதிவுசெய்தபோது.

ஸ்டீரியோவோடு ஒலிபெருக்கியின் நோக்கமே மாறிவிட்டது. பூங்காவில் நூறு பேருக்கு ஒரு பெட்டி. இங்கே ஒரு நாற்காலிக்கு இரண்டு பெட்டி. இடது பெட்டியும் வலது பெட்டியும் உங்கள் தலையும் ஒரு சம முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருந்தால், பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று பாடுவதாகக் கேட்கும். ஒரு பெட்டியை ஜன்னல் பக்கமும் இன்னொன்றை பூஜை அறைப் பக்கமும் வைத்தால் அந்த ஆள் காணாமல் போய்விடுவார். காசு கொடுத்து இரண்டு வாங்கி ஒன்றின் பலனை அனுபவிப்பது, என் பாங்க் புத்திக்கு, டெபாசிட் போட்டுவிட்டு வட்டியே எடுக்காதது போல.

உயரத்தின் கணக்கும் எளிதுதான். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மிருதங்கத்தின் அடிநாதம் மாதிரியான கனத்த ஒலிக்கு அலை பல அடி நீளம், அது எங்கும் பரவும். ஜால்ராவின் கூர்மையான ஒலியில் 10,000 அதிர்வு என்றால் அலை வெறும் மூன்றரை சென்டிமீட்டர். அது ட்வீட்டரிலிருந்து டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகிறது. ஏழடி உயரத்தில் மாட்டினால் அந்த வெளிச்சம் உங்கள் தலைக்கு மேலே எதிர்ச்சுவரில் விழும். அறுபதைத் தாண்டிய நம் காதுகளுக்கு உச்ச ஒலி ஏற்கெனவே மங்கல். பாட்டில் வார்த்தை புரியவில்லை என்று வால்யூமைக் கூட்டுகிறோமே, அதற்கு முன் பெட்டியைக் காது உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

சுவர் சமாச்சாரமும் உண்டு. பெட்டி சுவரை ஒட்டியிருந்தால் கனத்த ஒலி கூடும், மூலையில் இன்னும் கூடும். பழைய கார்னர் ஸ்டாண்ட் ரேடியோவின் கம்பீரத்தில் பாதி அந்த மூலை கொடுத்தது. ஒரே சின்ன ஸ்பீக்கருக்கு அது உபகாரம். இன்றைய பெட்டிக்கு அதுவே பானைச் சத்தம் ஆகிவிடும், முக்கியமாகப் பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டிக்கு. சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னால் இழுங்கள். நம் ஹாலில் நடைவழி போய்விடும் என்றால் கேட்கும்போது மட்டும் முன்னால் நகர்த்தலாம். அதற்குத்தான் ஸ்டாண்ட்.

ஸ்டாண்டை ஆன்லைனில் தேடினால் ஸ்பீக்கர் விலைக்கே சொல்கிறார்கள். நம் ஊரில் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்? கனமான அடித்தட்டு, நடுவே சதுரக் குழாய், மேலே பெட்டியின் அடிப்பாகத்தைவிடக் கொஞ்சம் சிறிய தட்டு, அவ்வளவுதான். வெறும் குழாயைத் தட்டினால் மணி போல ஒலிக்கும். நன்றாகக் காய்ந்த மணலை அதில் நிரப்பினால் சத்தமும் அடங்கும், பேரன் இடித்தாலும் சாயாத கனமும் வரும். அடித்தட்டை அகலமாகவே போடச் சொல்லுங்கள். கூர்முனை ஆணி வைத்த கால்களைப் பெருமையாகச் சொல்வார்கள். டைல்ஸ் தரைக்கு அது வேண்டாம், ரப்பர் போதும். அறை எதிரொலித்தால் கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் உதவும், துணிக்கு நம் ஊரில் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. ஆனால் துணி உச்ச ஒலியைத்தான் உறிஞ்சும், கனத்த ஒலிக்கு அது ஒரு தடையே அல்ல.

அந்தக் கனத்த ஒலிதான் கீழ்வீட்டுக்குப் போகிறது. சங்கத்துக்கு வரும் புகார்களில் இது எத்தனை என்று நான் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். சுவரில் அடித்த பிராக்கெட் வழியாக அதிர்வு நேராகக் கட்டடத்துக்குள் இறங்கும். ரப்பர் வைத்த ஸ்டாண்ட் அதைக் குறைக்கும். காற்று வழியாகப் போவதை எந்த ஸ்டாண்டும் நிறுத்தாது, நிறுத்தும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அதைவிடப் பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது. பெட்டிக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தைப் பதினாறு அடியிலிருந்து எட்டாகக் குறைத்தால் ஒலி 6 டெசிபல் கூடும். இது திறந்த வெளிக் கணக்கு, அறைக்குள் கொஞ்சம் குறையும். 6 டெசிபல் என்றால் நாலில் ஒரு பங்கு மின்சக்தியில் அதே சத்தம். கிட்டே வைத்து, காதுக்கு நேராகத் திருப்பி, வால்யூமைக் குறையுங்கள். உங்களுக்குக் குறையாது, பக்கத்து வீட்டுக்குக் குறையும்.

சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. தனியார் இடத்தில் ஒலிக்கும் கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. அபார்ட்மென்டில் எல்லை என்பது நடுச்சுவர்தானே? அதே 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில், ஒரு வழிபாட்டு இடத்தின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கை நடத்தி ஜெயித்தது சென்னையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம், நம்மைப் போன்ற ஒரு குடியிருப்போர் சங்கம்தான்.

ஸ்டாண்ட் அடிக்கப் போகிறவர்களுக்கு அளவு: வழக்கமாக உட்காரும் சோபாவில் உட்காருங்கள், காதிலிருந்து தரைக்கு அளவெடுங்கள். பெரும்பாலும் 36லிருந்து 38 அங்குலம் வரும். அதிலிருந்து, பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டர் நடு வரை உள்ள உயரத்தைக் கழியுங்கள். மீதிதான் ஸ்டாண்டின் உயரம், நம் வீடுகளில் சுமார் 26 அங்குலம் வரலாம். டேப்பை வீட்டில் வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். தானே அளந்தால் குனிந்துவிடுவோம், இரண்டு அங்குலம் குறைந்துபோகும்.