ஆகாதென்று ஒதுக்கிய அலைகள்

1912-இல் அமெரிக்கா கொண்டுவந்த வானொலிச் சட்டம், ஆர்வத்துக்காகக் கம்பியில்லாத் தந்தி அனுப்பிவந்த அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளங்களுக்கு ஒதுக்கித் தள்ளியது. நீண்ட அலைதான் தூரம் போகும், சிற்றலை எதற்கும் உதவாது என்பது அன்றைய பொறியாளர்களின் தீர்ப்பு. கடற்படையும் கம்பெனிகளும் நல்லவற்றை எடுத்துக்கொண்டன, மிச்சம் இவர்களுக்கு.

தீர்ப்பில் பாதி சரி. தரையை ஒட்டி ஓடும் அலை, நீளம் குறையக் குறைய விரைவில் நலிந்துவிடும். வானத்தை நோக்கிப் போகும் அலை என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் அளக்கவில்லை. மின்சாரம் கடத்தும் படலம் ஒன்று மேலே இருக்கலாம் என்று 1902-இலேயே கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். அது ஊகமாகவே கிடந்தது.

1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசன் கடற்கரையில் கூடாரம் அடித்தார். வெளியே கம்பங்களில் நீளமாக இழுத்துக் கட்டிய கம்பி, உள்ளே ரிசீவர், காதில் ஹெட்போன். குளிரில் இரவிரவாகக் காத்திருந்தவருக்கு அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து அமெச்சூர் நிலையங்களின் மோர்ஸ் ஒலி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் டெலுவா, அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெலுடன் சுமார் 110 மீட்டரில் இருவழித் தொடர்பே கொண்டார்.

இரவில் கேட்டதற்குக் காரணம் சூரியன். அதன் புற ஊதாக் கதிர்கள் மேல்வளியின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அப்படி உருவாகும் படலத்தில், பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உண்டாகும் அடுக்கு அலைகளை உறிஞ்சுகிறது. நீண்ட சிற்றலைகளுக்குத்தான் அடி அதிகம். பொழுது சாய்ந்ததும் அது கரைந்துவிட, அலை இன்னும் மேலே ஏறி, 250 கிலோமீட்டருக்கு மேலுள்ள அடுக்கில் வளைந்து பூமிக்குத் திரும்புகிறது. அலைநீளம் மிகவும் குறைந்தால் அந்த அடுக்கையும் துளைத்து விண்வெளிக்குப் போய்விடும். ஆகவே பகலுக்கு ஓர் அலை, இரவுக்கு ஓர் அலை.

படலம் உண்மையிலேயே இருக்கிறது என்று நிரூபித்தவர் எட்வர்ட் ஆப்பிள்டன். 1924 டிசம்பரில், போர்ன்மத் நகரின் பி.பி.சி. நிலையம் ஒலிபரப்பை முடித்த பின், அதன் அலைநீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னார். ஆக்ஸ்போர்டில் ஒலி ஏறி இறங்கியதை எண்ணியே படலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்: ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அருமையான சோதனை, 1947-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனாலும் அந்த வானத்தைப் பயன்படுத்திக் காட்டியதில் முந்திக்கொண்டவர்கள் பட்டமோ ஆய்வுக்கூடமோ கேட்காத அமெச்சூர்களே.

கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் மார்க்கோனி கம்பெனி அமைத்த தொடர்பு, பிரம்மாண்டமான நெட்டலை நிலையங்களை விட்டு, ஒரே திசையில் குவிக்கும் சிற்றலைக்கு மாறியது. 1927-இல் புனே அருகே கட்கியிலிருந்து இங்கிலாந்துக்குத் தந்திகள் அந்த வழியில்தான் பறந்தன.